ஊதா நிறத்தில் ஒரு ரத்தப் பை

சின்ன வயதில் வாயில் புண் வந்தால் அரசு மருத்துவமனையில் ஓர் ஊதா மருந்தைத் தடவி அனுப்புவார்கள். ஜி.வி. பெயிண்ட் என்பார்கள். நாக்கு, உதடு, சட்டைக் காலர் எல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். இரண்டு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க முடியாது. அந்த ஜென்ஷன் வயலட் சாயத்தைத்தான் பிரேசில், பொலிவியா போன்ற நாடுகளின் ரத்த வங்கிகளில் தானமாக வந்த ரத்தத்திலேயே கலந்து வைத்தார்கள். 4,000 பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சாயம். கலந்த பையை 4 டிகிரி குளிரில் 24 மணி நேரம் வைத்திருந்து, அப்புறம்தான் நோயாளிக்கு ஏற்றுவார்கள். ரத்தம் நாவற்பழச் சாறு போல இருக்கும். ஏற்றிக்கொண்டவரின் தோலிலும் வாய்க்குள்ளும் சில நாள் ஊதா பூத்திருக்கும்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? ட்ரிப்பனோசோமா குரூசி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைக் கொல்வதற்கு. சாகாஸ் நோய் தருவது அது. மண்சுவர் விரிசலில் குடியிருக்கும் ஒரு பூச்சி ராத்திரியில் வந்து தூங்குகிறவர்களின் முகத்தில் கடிக்கும்; முகத்தோடு வேலை என்பதால் பிரேசிலில் அதற்கு நாவிதன் என்றே பெயர். கடித்த இடத்தில் அது கழித்துவிட்டுப் போகும் எச்சத்தில்தான் ஒட்டுண்ணி இருக்கும். சொறியும்போது உள்ளே போய்விடும்.

1909-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லாசான்சே என்ற ரயில் ஊரில் கார்லோஸ் சாகாஸ் இந்த ஒட்டுண்ணியை முதன்முதலில் ஒரு மனித உடலில் கண்டார். பெரெனிசி என்ற இரண்டு வயதுக் குழந்தை அது. அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் ரத்த வங்கிக்காரர்களுக்கு முக்கியமான கதை. பெரெனிசி எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். முதுமையிலும் அவர் ரத்தத்திலிருந்து அந்த ஒட்டுண்ணியைப் பிரித்தெடுக்க முடிந்தது. இந்த நோய்க்கே உரிய இதயக் கோளாறு மட்டும் அவருக்கு வரவேயில்லை. தொற்றியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான் இதயமோ குடலோ பழுதாகிறது. மற்றவர்கள் வயலில் வேலை செய்வார்கள், பந்து விளையாடுவார்கள், கேட்டால் ரத்தமும் கொடுப்பார்கள்.

ரத்தத்தின் வழியே இது பரவக்கூடும் என்று அர்ஜென்டினாவின் சால்வதோர் மாஸா 1936-லேயே எச்சரித்திருந்தார். 1952-இல் பிரேசிலின் பெட்ரெய்ரா டி ஃப்ரெய்டாஸ் அப்படித் தொற்றியவர்களையே காட்டினார். கிராமத்து மக்கள் சாவோ பாவ்லோ மாதிரி நகரங்களுக்குப் பிழைக்கப் போன காலம் அது. பூச்சி கிராமத்தோடு நின்றுவிட்டது, ஒட்டுண்ணியோ ஆளோடு ரயிலேறி வந்துவிட்டது. காசுக்கு ரத்தம் விற்கும் வழக்கமும் அப்போது இருந்தது. வறுமையில் ரத்தம் விற்கிறவரும் மண்சுவர் வீட்டில் வளர்ந்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அடுத்த ஆண்டே, 1953-இல், சாயம் கலக்கும் யோசனை வந்தது.

ரத்த வங்கிக்கு ஒட்டுண்ணி ஏன் தனித் தலைவலி என்று புரிய இரண்டு விஷயம் போதும்.

ஒன்று, குளிர். மேகநோய் எனப்படும் சிபிலிஸின் கிருமி குளிர்பெட்டியில் சில நாள்களில் செத்துவிடும். ஒட்டுண்ணிகள் அப்படியில்லை. மலேரியா ஒட்டுண்ணி 4 டிகிரியில் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். நாம் சிவப்பணுக்களைக் கெடாமல் காப்பாற்றி வைக்கிறோம். அந்தச் சிவப்பணுவுக்குள்ளேதான் அது குடியிருக்கிறது. வீட்டுக்காரரைக் காப்பாற்றினால் வாடகைக்காரரும் பிழைத்துக்கொள்வார்.

இன்னொன்று, கொடையாளர் நன்றாக இருப்பது. காய்ச்சலோடு வருகிறவரை எந்த முகாமிலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவரால் ஆபத்தில்லை. பல ஆண்டுகள் மலேரியாவோடு பழகி, உடம்பில் ஓரளவு எதிர்ப்பு வந்து, ஒரு சொட்டு வியர்வையும் இல்லாமல் நாற்காலியில் வந்து உட்கார்கிறாரே, அவரால்தான் ஆபத்து. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

ரத்தத்தின் வழியாக மலேரியா பரவும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக் என்ற மருத்துவர் 1917-இல் வேண்டுமென்றே அதைச் செய்தார். மேகநோய் மூளையைத் தாக்கி முற்றியவர்களுக்கு மருந்தில்லாத காலம். போர்முனையிலிருந்து மலேரியாவோடு திரும்பிய ஒரு சிப்பாயின் ரத்தத்தை எடுத்து அந்த நோயாளிகளுக்குச் செலுத்தினார். காய்ச்சல் ஏறும், மேகநோய் இறங்கும், அப்புறம் கொய்னா கொடுத்து மலேரியாவை அடக்கிவிடுவார். 1927-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விசித்திரம். கொசு கடித்து வரும் வைவாக்ஸ் மலேரியாவில் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே சில தூங்கிவிடும். மாதங்கள் கழித்து எழுந்து மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். அதற்காகத்தான் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் விழுங்கச் சொல்கிறார்கள். ரத்தம் ஏற்றியதால் வரும் வைவாக்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. கொசு செலுத்துகிற வடிவம் வேறு, பையில் இருக்கிற வடிவம் வேறு. பையில் இருப்பது கல்லீரலுக்குப் போகும் பருவத்தைக் கடந்தது. நேராக அடுத்த சிவப்பணுவுக்குள் நுழைகிறது. அதனால் நோய் திரும்ப வராது, பிரைமாகுயினும் தேவையில்லை.

யானைக்கால் நோயின் நுண்புழுக்களும் கொடையாளர் ரத்தத்தோடு வரலாம். கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கவலை எழும். ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து நோய் தரும் பருவத்துக்கு வரக் கொசுவின் உடம்புக்குள் கொஞ்ச நாள் இருந்தாக வேண்டும். நோயாளிக்குள் நேராகப் போனவை சும்மா சுற்றிவிட்டுச் செத்துப்போகும். ஒவ்வாமை வரலாம், யானைக்கால் வராது.

சரி, பையில் மலேரியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போகிறது? இங்கேதான் கணக்கு கழுத்தைப் பிடிக்கிறது.

350 மில்லி பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர், குண்டூசித் தலையளவுத் துளி. அந்தத் துளியில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றே ஒன்றில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று வையுங்கள். 350 மில்லியில் 3,50,000 மைக்ரோலிட்டர், ஆக பையில் மூன்றரை லட்சம் ஒட்டுண்ணிகள். நோயைத் தொற்ற வைக்க எத்தனை வேண்டும்? பத்தே போதும் என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு.

இப்போது பரிசோதகர் பக்கம் வருவோம். தடித்த பூச்சாகக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் நூறு புலம், அதாவது ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம் நூறு, பார்க்கிறார். அவர் அலசியது மொத்தமே கால் மைக்ரோலிட்டர் அளவு ரத்தம்தான். கைதேர்ந்தவர் நிதானமாகப் பார்த்தால் துளிக்கு ஐந்து, பத்து ஒட்டுண்ணி இருந்தாலும் பிடிப்பார். அன்றைக்கு எண்பது கண்ணாடி பார்க்கவேண்டிய சாதாரண பரிசோதகருக்குக் குறைந்தது ஐம்பது இருக்கவேண்டும். கோடு விழுகிற கார்டு சோதனைக்கு நூறு, இருநூறு வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் நோயாளியின் ரத்தத்தில் துளிக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதால் அங்கே இந்தச் சோதனைகள் கச்சிதமாக வேலை செய்யும். தானம் கொடுக்க வந்த ஆரோக்கியமான ஆளிடம் துளிக்கு ஒன்று, இரண்டு என்று இருந்தால் எல்லாவற்றுக்கும் கண்ணில் மண்.

அதனால்தான் மலேரியா இல்லாத நாடுகள் நுண்ணோக்கியை நம்பவில்லை. கேள்வியை நம்பின. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? எவ்வளவு நாள் இருந்தீர்கள்? எப்போது திரும்பினீர்கள்? அமெரிக்காவில் மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தால் ஓராண்டு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று நெடுங்காலம் இருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா ரத்தத் தட்டுப்பாட்டின்போது அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். மலேரியா வந்து குணமானவர்களுக்கும், மலேரியா உள்ள நாட்டில் நீண்டகாலம் வாழ்ந்து குடியேறியவர்களுக்கும் மூன்று ஆண்டு.

பிரிட்டனில் சாகாஸ் நோய்க்கான கேள்வி இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகிறது. நீங்கள் தென்னமெரிக்காவில் பிறந்தவரா என்பதோடு நிற்காமல் உங்கள் அம்மா அங்கே பிறந்தவரா என்றும் கேட்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றலாம். ஆக, லண்டனை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஒருவரிடமும் பொலிவியாவின் மண்சுவர் பூச்சி தந்தது இருக்கக்கூடும்.

கேள்வி மலிவானது. கருவி வேண்டாம், காகிதம் போதும். ஆனால் அது எவ்வளவு ஓட்டையான சல்லடை என்பதற்கு அமெரிக்காவின் சொந்தக் கணக்கே சாட்சி. 1963 முதல் 1999 வரை அங்கே ரத்தம் ஏற்றியதால் மலேரியா வந்தவர்கள் 93 பேர் என்று பதிவாகியிருக்கிறது. பத்துப் பேர் இறந்துபோனார்கள். முழு விவரம் கிடைத்த கொடையாளர்களில் 62 சதவீதம் பேர், அப்போது இருந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாலே திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டியவர்கள். கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை, அல்லது பதில் சரியாக வரவில்லை. மிச்சப் பேர் விதிப்படியே உள்ளே வந்தவர்கள். குறிப்பாக மலேரியே என்ற வகை பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். அதற்கு எந்தக் காலக்கெடுவும் பொருந்தாது. இன்னொரு பக்கம், அந்த விதியால் திருப்பி அனுப்பப்பட்ட நல்ல கொடையாளர்கள் எத்தனை ஆயிரம்! கேள்வி என்ற வலையில் சிக்குவது பெரும்பாலும் குற்றமில்லாதவர்கள்தான்.

கேள்வியே உதவாமல் போன இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரை.

மாசசூசெட்ஸை ஒட்டி நான்டக்கெட் என்ற தீவு இருக்கிறது. வசதியானவர்கள் கோடைக்குப் போகும் இடம். 1969-இல் அங்கே ஒரு பெண்மணிக்கு மலேரியா போலக் காய்ச்சல். ரத்தத்தைப் பார்த்தால் சிவப்பணுவுக்குள் வளையம் வளையமாக ஏதோ இருக்கிறது, ஆனால் மலேரியா இல்லை. பபீசியா. 1888-இல் ருமேனியாவில் விக்டர் பாபெஷ் மாட்டு ரத்தத்தில் கண்டுபிடித்த இனம். அதுவரை அது கால்நடைகளுக்கான நோய். மனிதர்களில் மண்ணீரல் அகற்றப்பட்ட ஒன்றிரண்டு பேருக்கு வந்ததுண்டு. இந்தப் பெண்மணிக்கோ மண்ணீரல் இருந்தது. அப்புறம் தீவில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்து, நான்டக்கெட் காய்ச்சல் என்றே பெயர் வந்துவிட்டது.

பபீசியா வெள்ளைக்கால் எலியில் வாழ்கிறது. மான் உண்ணி அந்த எலியைக் கடித்துவிட்டு அடுத்து மனிதரைக் கடிக்கிறது. அந்த உண்ணியின் இளம் பருவம் ஒரு கசகசா அளவுதான் இருக்கும். முழங்காலின் பின்மடிப்பில் ஒட்டிக்கொண்டு மூன்று, நான்கு நாள் குடித்துவிட்டு விழுந்துவிடும், ஆளுக்குத் தெரியாது. நல்ல உடம்பாக இருந்தால் லேசான காய்ச்சல், அதுவும் பலருக்கு இல்லை. ஒட்டுண்ணி மட்டும் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருந்துகொண்டிருக்கும். அந்த ரத்தம் மண்ணீரல் இல்லாதவருக்கோ, குறைமாதக் குழந்தைக்கோ, முதியவருக்கோ, தலசீமியாவுக்காக மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவருக்கோ போனால் உயிருக்கே ஆபத்து.

இவரிடம் என்ன கேள்வி கேட்பது? எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்றா? அவர் எங்கும் போகவில்லை, தன் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டினார். உண்ணி கடித்ததா என்று கேட்டால் அந்த ஊரில் பாதிப் பேர் ஆம் என்பார்கள், கடிபட்டவர் இல்லை என்பார். கடைசியில் மிச்சமிருந்த கேள்வி ‘உங்களுக்கு எப்போதாவது பபீசியோசிஸ் வந்ததா’ என்பதுதான். தெரிந்தவர்தானே ஆம் என்பார்.

1979 முதல் 2009 வரை ரத்தம் ஏற்றியதால் பபீசியா வந்த 162 பேர் அமெரிக்காவில் கணக்கில் வந்தார்கள். பெரும்பகுதி கடைசிப் பத்தாண்டில். இதற்கு நல்ல சோதனை இல்லாமல் இருந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளைத் தேட ரத்த வங்கிகளில் நாட் என்ற மரபணுச் சோதனை இருக்கிறது. அந்த ஏற்பாடு முழுவதும் பிளாஸ்மாவுக்காகக் கட்டப்பட்டது. ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை எடுத்துச் சோதிப்பார்கள். கிருமி அதில் மிதக்கும். பபீசியா அடியில் படியும் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் நீரில் தேடினால், ஆள் வீட்டுக்குள் இருக்கும்போது தெருவில் தேடுகிற கதைதான். முழு ரத்தத்தையே எடுத்து, சிவப்பணுக்களை உடைத்து, அப்புறம் தேட வேண்டும். அதற்கென்று தனிக் குழாய், தனி மருந்து. இதில் ஒரு அனுகூலமும் உண்டு. ஒட்டுண்ணி ஒவ்வொன்றிலும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள் ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கும். ஒரே ஓர் ஒட்டுண்ணி உடைந்தாலும் குழாயில் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். நுண்ணோக்கிக்குக் கனவிலும் எட்டாத நுட்பம் அப்படித்தான் வந்தது.

2012 முதல் 2014 வரை கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2016-இல் வெளியாயிற்று. 89,153 தானங்களைச் சோதித்ததில் 335-இல் பபீசியா தடயம் உறுதியானது. ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட நாலு. எல்லாரும் அன்றைக்கு நன்றாக இருந்தவர்கள். நோய் அதிகமுள்ள பகுதிகளில், சோதித்துச் சுத்தம் என்று அனுப்பிய ரத்தத்தால் ஒருவருக்கும் நோய் வரவில்லை. சோதிக்காமல் போன 2,53,031 தானங்களால் 14 பேருக்கு வந்தது. 18,000 பையில் ஒன்று. எச்.ஐ.வி. பல லட்சம் பையில் ஒன்றுக்கும் கீழே போய்விட்ட நாட்டில் இது எவ்வளவு பெரிய எண் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 மார்ச்சில் முதல் சோதனைக்கு அனுமதி வந்தது. 2019 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 14 மாநிலங்களிலும் வாஷிங்டன் நகரிலும் ஒவ்வொரு தானத்தையும் ஆண்டு முழுவதும் பபீசியாவுக்குச் சோதிக்கச் சொன்னது. மற்ற மாநிலங்களில் பழைய கேள்விதான். எல்லைக்கோட்டை உண்ணி மதிக்குமா, கோடையில் நான்டக்கெட் போய்வந்த டெக்சாஸ்காரர் ஊர் திரும்பி ரத்தம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நடக்கத்தான் செய்யும். எங்கே கோடு கிழிப்பது என்பது பணம் எவ்வளவு என்ற கேள்வியும்தான். இதை வெளிப்படையாகச் சொன்னால் தப்பில்லை என்பது என் கருத்து.

சாகாஸுக்கு அவர்கள் கிழித்த கோடு வேறு மாதிரி. அங்கே 2006 டிசம்பரில் சோதனைக்கு அனுமதி கிடைத்து, 2007-இல் பெரிய வங்கிகள் தொடங்கின. ஏறக்குறைய 27,500 பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது. அமெரிக்காவுக்குள் புதிதாகத் தொற்றுவது அரிது. இருந்தால் முன்பே இருக்கும், இல்லையென்றால் இனி வராது. அதனால் 2010-இல், ஒருவரை வாழ்நாளில் ஒரு முறை சோதித்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லீஷ்மேனியா என்ற இன்னோர் ஒட்டுண்ணியைப் பற்றி இரண்டே வரி. அது வெள்ளணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால் வெள்ளணு வடிகட்டி பெரும்பகுதியைப் பிடித்துவிடும். இருந்தாலும் 2003-இல் ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை ஓராண்டு ரத்தம் கொடுக்கவிடவில்லை.

இதெல்லாம் கொடையாளரைத் திருப்பி அனுப்பும் வசதி உள்ள நாடுகளின் கதை. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். சகாராவுக்குத் தெற்கே நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கொடையாளர்களில் பத்துக்கு ஒருவர் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. நுட்பமான சோதனையில் இன்னும் அதிகம் தெரியும். அங்கே கேள்வி கேட்டு ஆளை அனுப்பினால் வங்கியே காலி. ரத்தம் கேட்டு நிற்பதோ பெரும்பாலும் மலேரியாவால் சோகை முற்றிய குழந்தையும், பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாயும். இல்லாத ரத்தத்தைவிட மலேரியா உள்ள ரத்தம் மேல் என்பதுதான் அங்கத்திய யதார்த்தம்.

ஊதா சாயத்தின் யோசனை, அதாவது தேடுவதை விட்டுவிட்டுப் பைக்குள்ளேயே கொன்றுவிடுவது, அங்கே புது வேடத்தில் வந்தது. கானாவின் குமாசி நகரில் ரத்தத்தோடு ரைபோஃபிளேவின் கலந்து புற ஊதா ஒளி காட்டிப் பார்த்தார்கள். ரைபோஃபிளேவின் என்றால் பி2 வைட்டமின்; ‘பி காம்ப்ளெக்ஸ்’ மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகுமே, அதே சாமான். ஒளி பட்டதும் அது ஒட்டுண்ணியின் மரபணுவைச் சிதைத்துவிடும். சிவப்பணுவுக்கு மரபணு கிடையாது, தப்பித்துவிடும். 2016-இல் வெளியான முடிவு: ஒட்டுண்ணி இருந்த ரத்தத்தை அப்படியே ஏற்றிய 37 பேரில் 8 பேருக்கு மலேரியா தொற்றியது. ஒளி காட்டிய ரத்தத்தை ஏற்றிய 28 பேரில் ஒருவருக்கு மட்டும்.

எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் நல்ல சேதி. சிக்கல் என்னவென்றால் ரத்தத்தின் சிவப்பே ஒளியை விழுங்கிவிடும். பிளாஸ்மாவும் தட்டணுவும் வெளிர் மஞ்சள், ஒளி ஊடுருவும். அவற்றுக்கு இப்படிக் கிருமி நீக்கும் கருவிகள் பல நாடுகளில் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கின்றன. அடர் சிவப்புப் பைக்கு அந்த வசதி எளிதாகக் கைகூடவில்லை. மலேரியாவும் பபீசியாவும் குடியிருப்பதோ அந்தச் சிவப்புப் பையில்.

இனி நம் பக்கம்.

கல்லூரியில் முதல் முறையாக ரத்ததான முகாமில் வரிசையில் நின்றபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் படித்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்தில் இருந்தவன் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டான், நானும் போட்டேன். அப்புறம் பிஸ்கட்டும் ஃப்ரூட்டியும். மலேரியா பற்றிய கேள்வி அதில் எத்தனையாவதாக இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சென்னையில் வீட்டுக்கு வீடு மேல்நிலைத் தொட்டியும் கிணறும் இருக்க, அதில் முட்டையிடும் ஸ்டீபன்சி கொசு ஊருக்கே வைவாக்ஸ் மலேரியாவைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது.

இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு பையையும் ஐந்துக்குச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம்: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மேகநோய், மலேரியா. பட்டியலில் மலேரியா இருப்பது பெரிய விஷயம். ஆனால் மேலே போட்ட துளிக் கணக்கை நினைவில் வையுங்கள். நடைமுறையில் அந்தச் சோதனை கார்டு, இல்லையென்றால் கண்ணாடித் தகடு. காய்ச்சல் வரப்போகிறவரைப் பிடிக்கும். துளிக்கு ஒன்றிரண்டு ஒட்டுண்ணியோடு சௌக்கியமாக இருப்பவரை விட்டுவிடும். ‘நாட் சோதனை செய்த ரத்தம்’ என்று தனியார் வங்கிகள் பலகை வைக்கின்றன. அந்த நாட் எச்.ஐ.வி.க்கும் இரண்டு ஹெபடைட்டிஸுக்கும்தான். கூடுதல் பணம் கட்டி வாங்குகிறவர் மலேரியாவும் அதில் அடக்கம் என்று நினைத்தால் அது தவறு.

ஆக, இங்கேயும் கடைசியில் பாரம் கேள்வி மேல்தான் விழுகிறது. மலேரியா வந்திருந்தால் முழுக்கக் குணமாகி மூன்று மாதம் கழித்தே ரத்தம் கொடுக்கலாம் என்பது நம் வழிகாட்டுதல். முகாமுக்குத் தானாக வருகிறவரிடம் இது எடுபடும். ஆபரேஷனுக்கு முன்னால் ‘ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க’ என்று மருத்துவமனை சொல்லி, உறவுக்காரர்களைப் பிடித்துக் கொண்டுவரும்போது? மாமியாருக்கு ரத்தம் கொடுக்க வந்த மருமகன், சொந்தபந்தம் சூழ நிற்கையில், போன மாதம் மலேரியாவில் கிடந்தேன் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்வாரா? சொல்வார் என்று நம்பித்தான் படிவம் அச்சடிக்கப்படுகிறது. காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 1998 ஜனவரி முதல் இந்தியாவில் தடை செய்தோம். பிரேசில் அதை 1988 அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. காசு ஒழிந்தாலும் நிர்ப்பந்தம் ஒழியவில்லை. கார்டுக்குப் பதில் நல்ல கருவி வாங்குவதைவிட, உறவினரைப் பிடித்துவரும் வழக்கத்தைக் குறைத்து, ஆண்டுக்கு மூன்று முறை தானாக வந்து கொடுக்கும் கூட்டத்தைப் பெருக்குவது மலேரியாவுக்கும் நல்ல தடுப்பு என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிறவருக்கு உண்மையைச் சொல்வதில் நஷ்டமில்லை. அடுத்த முறை கொடுத்துக்கொள்ளலாம்.

நம் ஆட்கள் வெளிநாடு போனால் படிவத்தின் மறுபக்கம் தெரியும். சென்னையில் வளர்ந்து லண்டனில் வேலை பார்க்கும் ஒருவர் அங்கே ரத்தம் கொடுக்கப் போனால், மலேரியா உள்ள நாட்டில் வாழ்நாளில் எப்போதாவது ஆறு மாதம் தொடர்ந்து இருந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்றால் முதலில் மலேரியா எதிர்ப்பான் இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்ப்பார்கள். சுத்தம் என்றால் அப்புறம் கொடுக்கலாம். வீட்டுக்கு அனுப்பாமல் சோதனைக்கு அனுப்புகிற இந்த வழியை ஆஸ்திரேலியாவும் 2005-இலிருந்து பின்பற்றுகிறது.

இதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அரிவாள் செல் சோகை உள்ள கறுப்பின நோயாளிகளுக்கு ஆர்.ஓ. என்ற உட்பிரிவு ரத்தம் அடிக்கடி தேவைப்படுகிறது. அது கிடைப்பதும் பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரிடம். அவர்களில் பலர் பிறந்ததோ, விடுமுறைக்குப் போய்வருவதோ மலேரியா உள்ள நாடு. கேள்வி அவர்களைத் திருப்பி அனுப்பும்போது, அவர்கள் ரத்தம் மட்டுமே பொருந்துகிற நோயாளிதான் காத்திருக்கிறார்.

அமெரிக்காவில் 2024 மார்ச்சில்தான், கொடையாளர் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் சோதனைக்கு முதன்முறையாக அனுமதி கிடைத்தது. பபீசியாவுக்குச் செய்தது போலவே, முழு ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துத் தேடுவது. அதை நம்பி 2025 ஜனவரியில் புதிய வழிகாட்டுதலுக்கு ஒரு வரைவும் வெளியாயிற்று. எங்கே பிறந்தீர்கள், எங்கே வாழ்ந்தீர்கள், எப்போது போய்வந்தீர்கள் என்ற பழைய கேள்விகள் அதிலும் இருக்கின்றன. ஆனால் ‘ஆம்’ என்று சொன்னவரை வாசலைப் பார்த்து அனுப்பும் வேலை இல்லை. அவருடைய மற்றக் குழாய்களோடு இன்னொரு சின்னக் குழாயும் நிரப்பப்படும்.